நெய்வேலிப் பேரேட்டில் விடுபட்ட பற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும், அதை ஆதரித்தும் எதிர்த்தும் வாசகர்கள் எழுதும் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். ஒரு சாரார் மின்சாரத்தின் தேவையைப் பேசுகிறார்கள். இன்னொரு சாரார் ஏக்கருக்கு எத்தனை லட்சம் என்று பேசுகிறார்கள். கடலூர் மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். வரவும் பற்றும் நேருக்கு நேர் நிற்காத கணக்கைப் பார்த்தால் கை அரிக்கும் தொழில் அது. பழுப்பு நிலக்கரிக் கணக்கில் பற்றுப் பத்தியின் பெரும்பகுதி எழுதப்படாமலே கிடக்கிறது என்பதுதான் இந்தக் கடிதத்தின் பொருள்.

கதை தண்ணீரில்தான் தொடங்கியது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு இறக்கியபோது, ஊற்றுநீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. அந்தக் கறுப்பின் பின்னால் போய்த்தான் நெய்வேலி பிறந்தது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். மறு ஆண்டு மின்சாரம் வந்தது. அந்த நான்கு ஆண்டுகள் மண்ணை அள்ளிக் கொட்டுவதிலும், அதைவிட முக்கியமாக, நீரை இறைத்துக் கொட்டுவதிலும் போயின.

ஏன் நீர் என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும்; ஏனெனில் இந்த ஒன்று புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். நெய்வேலியில் கரிப்படலத்துக்கு அடியில் மணற்பாங்கான நீர்ப்படுகை ஒன்று பெரும் அழுத்தத்தோடு கிடக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ வரை மேல்நோக்கித் தள்ளுகிற அழுத்தம் அது. மேலே இருக்கும் மண்ணின் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருந்தது. மண்ணை அகற்றினால் பாரம் குறையும். குறைந்தால் அடித்தளம் பிய்த்துக்கொண்டு நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்களை இறக்கி, அந்தப் படுகையின் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட அந்தப் பம்புகளுக்கு விடுமுறை கிடையாது. கரி வெட்டுகிற வரைக்கும் நீர் இறைத்தாக வேண்டும் என்பதே அங்குள்ள இயற்கை விதி. இறைத்த நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் பயன்படுகிறது. மீதி ஓடைகளிலும் பரவனாற்றிலும் கலந்து வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று போய்ச் சேருகிறது. அந்த ஏரிப் பாசனக்காரர்களுக்கு அது வரவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏரியில் கொட்டிய நீரும், மழைக்குப் பல தலைமுறை காத்திருந்து அடியில் சேர்ந்த நீரும் ஒன்றல்ல. சேமிப்புக் கணக்கில் இருந்து எடுத்து அன்றாடச் செலவுக்குக் கொடுத்துவிட்டு, குடும்பத்தின் வருமானம் கூடியிருக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பான கணக்கு அது.

கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களில், குழாயை இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் தானாகப் பொங்கி வாய்க்காலில் ஓடிய காலம் ஒன்று இருந்தது. எங்கள் சங்கத்தில் மூத்த உறுப்பினர்கள் அதைச் சொல்லும்போது இளையவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை, ஏனெனில் கடன் பதிவேடு என் கையில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிணற்றுத் திட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் மூன்று குதிரைத்திறன், ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்குக் கடன் கேட்டு வந்தார்கள். பிறகு அந்த மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் பலகை கட்டி இறக்கி வைத்தார்கள். அப்புறம் கிணற்றின் நடுவே துளை போட்டார்கள், கம்ப்ரசர் வந்தது, அதுவும் காற்றை மட்டும் கொண்டுவரத் தொடங்கியதும் நீர்மூழ்கி மோட்டார் வந்தது. பத்து, பதினைந்து குதிரைத்திறன் என்று எண்கள் ஏறின. 'கடனின் நோக்கம்' என்ற பத்தியில் 'புதிய மோட்டார்' என்று எழுதி வந்த நான், பிற்காலத்தில் பெரும்பாலும் 'மோட்டார் மாற்றம்', 'குழாய் நீட்டிப்பு' என்றே எழுதினேன். ஒரே சர்வே எண்ணுக்கு மூன்று முறை.

இதற்கெல்லாம் சுரங்கம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. விவசாயிகளே ஆயிரக்கணக்கில் ஆழ்குழாய் போட்டார்கள். கட்டணமில்லா மின்சாரம் இருக்கும்போது யார்தான் மோட்டாரை நிறுத்துவார்கள்? மழை பொய்த்த ஆண்டுகளும் உண்டு. எவரால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், ஊர் ஊராக, மாதம் மாதமாக, இறைத்த அளவும் கிணற்று மட்டமும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய கணக்கு ஒன்று வேண்டும். அப்படி ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் தொங்கவிட்டு நான் கண்டதில்லை. கரி எத்தனை லட்சம் டன் என்பது ஆண்டறிக்கையில் வண்ணப் படத்தோடு வருகிறது. நீரின் கணக்கு அதே துலக்கத்தோடு கிராமத்துக்கு வருவதில்லை.

நகரத்து வாசகர்களுக்காக ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். நெய்வேலிக் கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு டன் கரியை எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்றுகிறார்கள். எடையில் பார்த்தால் கரியைப் போல் பத்து மடங்கு. ஆக, ஒரு யூனிட்டுக்குப் பத்து கிலோ மண் இடம்பெயர்கிறது. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016இல் நடைமுறைக்கு வந்தது. அந்த 100 யூனிட் முழுவதும் நெய்வேலியிலிருந்து வந்தால், ஒரு டன் மண் எங்கோ புரட்டப்பட்டிருக்கும். நாம் எரிக்கும் எல்லா யூனிட்டும் நெய்வேலியுடையதல்ல. நெய்வேலி மின்சாரம் எல்லாம் தமிழ்நாட்டுக்கும் அல்ல, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், புதுச்சேரி எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் மண் புரள்கிற இடம் மட்டும் எங்கள் மாவட்டம். விருத்தாசலம் பேருந்தில் போகிறவர்கள், மந்தாரக்குப்பத்தை நெருங்கும்போது மலை போலத் தெரிகிற செம்மண் மேட்டைப் பார்த்து, "இந்தப் பக்கம் மலை இருக்கிறதா?" என்று கேட்பதுண்டு. அது மலையல்ல. பல ஊர்களின் வயலும் முந்திரித் தோப்பும் தலைகீழாகக் கிடக்கிற குவியல்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இரண்டாம் சுரங்கம் பரவனாற்றை நெருங்கிவிட்டதால் ஆற்றை நிரந்தரமாகத் திருப்பிவிட 12 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி வந்தார்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும் மீதி இருந்தது. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் நெல் கதிர் விடும் பருவத்தில் நின்றது. காவல்துறை பாதுகாப்போடு மண்வெட்டி இயந்திரங்கள் அந்தப் பயிருக்குள் இறங்கின. நிலம் பத்தாண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டு இழப்பீடும் கொடுத்தாயிற்று, பயிர் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லியும் விட்டோம் என்பது நிறுவனத்தின் வாதம். சட்டப்படி அதில் பொருள் உண்டு. ஆனால் கையில் எடுத்த நிலத்தைப் பத்தாண்டு கிடப்பில் போட்டிருந்தால் விவசாயி அதில் விதைக்கத்தான் செய்வான். அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கவும் உத்தரவானது. பணம் ஒருவாறு தீர்ந்தது. ஆனால் பால் பிடிக்கப் போகும் கதிரைச் சேற்றோடு வாரிக் கரையில் போட்ட அந்தக் காட்சியைப் பார்த்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், தமக்கு அங்கே ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர், அன்று இரவு சோற்றைத் தொடவில்லை. இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. அது கூலி. இழப்பீடு பட்டாதாரருக்குப் போகிறது. அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுதவருக்கும், அதில் நாற்றுப் பறித்து நட்டுக் களையெடுத்த பெண்களுக்கும் பட்டா இல்லை. நிலம் போன ஓர் ஊரில், எங்கள் சங்கத்தில் மகளிர் குழுக் கடன் வாங்கியிருந்த ஒரு பெண்மணி, தவணை நின்று போனது ஏன் என்று நான் கேட்டபோது, என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கி மடக்கிச் சொன்னார். நாற்றுப் பறி இத்தனை நாள், நடவு இத்தனை நாள், முதல் களை, இரண்டாம் களை, அறுப்பு, சம்பா அறுத்த தாளில் விதைத்த உளுந்தைப் பிடுங்குவது. அது போக வரப்பில் அறுத்த புல்லில் ஒரு கறவை மாடு. அந்த மாட்டின் பாலில்தான் வாராவாரம் தவணை. ஒரு ஏக்கர் நடவுக்குப் பதினைந்து பெண்களாவது இறங்குவார்கள். ஏக்கர் போனபோது நிலக்காரர் கையில் காசோலை இருந்தது. இந்தப் பதினைந்து பேர் கையில் எதுவும் இல்லை. "நிலம் குடுத்தவங்களுக்குப் பணம் குடுத்தாங்க சார், வேலை குடுத்த நிலத்துக்கு யாரு பணம் குடுப்பா?" என்று அவர் கேட்டார். நான் தவணையை ஒத்திவைத்தேன். சங்கச் செயலாளனால் அதற்கு மேல் செய்ய முடிந்ததில்லை.

சட்டத்தில் இவருக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை முதன்மையான பிழைப்பாகக் கொண்டிருந்த விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றே வரையறுக்கிறது. அவர்கள் யார் யார் என்று ஊரில் உட்கார்ந்து எண்ணுவதற்குத்தான் அதில் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டிலோ தொழில் திட்டங்களுக்கு 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் தனியே இருக்கிறது. அதன்படி எடுக்கும் நிலத்துக்கு அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. அந்தச் சட்டம் செல்லாது என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இழப்பீட்டுத் தொகை மத்திய சட்டத்தின்படியே தரப்படுகிறது என்று அதிகாரிகள் சொல்வார்கள். தொகை சரியாக இருக்கலாம். ஆனால் எண்ணாத ஆளுக்கு எப்படித் தொகை போய்ச் சேரும்?

சுரங்கத்தையும் கொதிகலனையும் நம்பிப் பிழைக்கிறவர்களின் பற்றையும் எழுதியாக வேண்டும். 2020ஆம் ஆண்டு, ஊரடங்கு நாட்களில், இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7 அன்று ஒரு கொதிகலன் வெடித்தது. இரண்டு மாதம்கூட முழுதாகக் கழியவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு அலகின் கொதிகலன் வெடித்தது. இரண்டாவது விபத்தில் அன்றே ஆறு பேர் மாண்டார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தவர்களில் மேலும் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அடக்கம். நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே நிரந்தர வேலைக்குப் போகவில்லை, ஒப்பந்த வேலைக்குத்தான் போனார்கள் என்பது எங்கள் பகுதியில் எந்த டீக்கடையில் கேட்டாலும் தெரியும். பாட்டனார் நிலத்தைக் கொடுத்தார், பேரன் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி வாங்குகிறான் என்பது எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு சாதாரண வரலாறு.

புகையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கந்தக வாயுவை வடிகட்டும் கருவியை அனல்மின் நிலையங்கள் பொருத்த வேண்டும் என்பதற்கான அளவுகோல் 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டில் முடிக்கச் சொன்னார்கள். அந்தக் கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பான்மையான நிலையங்களுக்கு அந்தக் கட்டாயமே வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். தவணையைப் பத்தாண்டு ஒத்திவைத்துவிட்டுப் பிறகு கடனையே தள்ளுபடி செய்வது கூட்டுறவுச் சங்கங்களில் அரசியல்வாதிகள் செய்கிற வேலை என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் நீரும் மண்ணும் கெட்டிருப்பதாகப் பூவுலகின் நண்பர்கள் என்ற சூழலியல் அமைப்பு 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை எடுத்துக்கொண்டது, நிறுவனம் மறுத்தது. இங்கும் அதே கேள்விதான்: மாதாமாதம் எல்லோரும் பார்க்கிற இடத்தில் அளவீடு எழுதப்பட்டிருந்தால், ஆய்வு உண்மையா மறுப்பு உண்மையா என்று நாம் ஏன் தவிக்க வேண்டும்?

நெய்வேலியால் எந்த நன்மையும் இல்லை என்று சொல்பவன் நான் அல்ல. அகலமான சாலையும் நிழல் மரங்களும் வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்பும் பள்ளியும் மருத்துவமனையும் எங்கள் மாவட்டத்துக்கு அங்கிருந்துதான் அறிமுகமாயின. என் தங்கை பிள்ளைகள் அந்த நகரியத்துப் பள்ளியில் படித்து மேலே வந்தவர்கள். 2013இல் நிறுவனத்தின் பங்குகளை வெளியே விற்கப் போவதாகச் செய்தி வந்தபோது, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழக அரசு தன்னுடைய நிறுவனங்களின் மூலம் 3.56 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டது. நெய்வேலியை நம்முடையது என்று நினைத்ததால்தான் அது நடந்தது. நம்முடைய நிறுவனம் என்றால் அதன் கணக்கைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

2023 ஏப்ரலில் மைக்கேல்பட்டி, வடசேரி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று பகுதிகளை மத்திய அரசு நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, காவிரி டெல்டா ஒரே குரலில் எழுந்தது. சில நாட்களிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2020இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அதற்கு அரணாக நின்றது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மண்டலத்தின் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற வயலிலும் விளைவது நெல்தான். டெல்டாவுக்குள் கரி வெட்டக் கூடாது என்பதற்கு நாம் சொன்ன காரணங்கள் அத்தனையும் பரவனாற்றங்கரைக்கும் பொருந்தும். அங்கே வெட்டியே தீர வேண்டும் என்றால் அதன் முழுச் செலவையும் எழுதிவிட்டு வெட்ட வேண்டும்.

நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது நடக்காத காரியம் என்று சொல்வார்கள். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களில் 13 கிராமங்களில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். கரியும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை; விவசாயிகள் கூடுதல் இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கியே ஒரு தலைமுறை முடிந்தது. கடைசியில் அந்த நிலத்தை உரியவர்களிடமே ஒப்படைப்பதென்று அரசு முடிவெடுத்தது. வெட்டாத நிலத்துக்கு அது முடிந்தது. வெட்டி முடித்து மண் நிரப்பிய நிலத்துக்கு? நெய்வேலியில் அப்படி மீட்ட மண்ணில் மரம் வளர்த்திருக்கிறார்கள், நெல்லும் விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள். விளைகிறது என்று அவர்களே நிரூபித்த பிறகு, அந்த நிலத்தில் ஒரு பகுதியை, ஊர் இழந்த கூலிக் குடும்பங்களுக்குக் குத்தகைக்காவது விடலாமே என்று கேட்பது பேராசை ஆகாது என்று நினைக்கிறேன்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் நிறுவனத்துக்கும் என் கோரிக்கை பெரியதல்ல. சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும், ரேஷன் கடைச் சுவரில், இருப்பு எழுதுகிற கரும்பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைக்க வேண்டும். அதில் சென்ற மாதம் சுரங்கத்திலிருந்து இறைத்த நீர், இந்த ஊர்க் கண்காணிப்புக் கிணற்றின் மட்டம், இந்த ஊரில் எடுத்த நிலம், அதில் எண்ணிச் சேர்த்த கூலிக் குடும்பங்கள், திருப்பிக் கொடுத்த நிலம் என்று ஐந்து வரிகளைத் தமிழில், எண்ணில், மாதம் தவறாமல் எழுத வேண்டும். விரிவாக்கத்துக்கு அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டம் கூட்டுவதற்கு முன், குறைந்தது பன்னிரண்டு மாதத்துக்கு அந்தப் பலகை நிரம்பியிருக்க வேண்டும். எழுதுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்பட்டும். கையெழுத்து இன்னும் நடுங்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
கடலூர் மாவட்டம்